பெயர்ச்சீட்டு

பொருளுக்குப் பெயர் சூட்டுவது மனிதனின் பழைய வழக்கம். அப்பெயரைப் பொருளின் மேலேயே எழுதி வைப்பதும் ஏறத்தாழ அதே அளவுக்குப் பழைமையானது. கீழடியில் தோண்டி எடுக்கப்பட்ட பானையோடுகளில் 'ஆதன்', 'குவிரன்' முதலிய பெயர்கள் கீறப்பட்டுள்ளன. செங்கடற்கரையில், எகிப்து நாட்டுக் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் கிடைத்த ஓட்டில் 'பானை ஒறி' என்னும் தமிழ்ச் சொற்கள் காணப்படுகின்றன. கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வெழுத்தைப் படித்த ஐராவதம் மகாதேவன், உறியில் தொங்கவிடும் பானை என்று பொருள் கூறினார். அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் தீபகற்பத்தின் வடபகுதியில், தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லொன்று கிடைத்திருக்கிறது. 'பெரும்பதன் கல்' என்று அதில் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. அஃது ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இக்கரைக்கு வந்த தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவரின் உடைமை.

இவற்றுள் எதுவும் காவியம் அன்று, அரசாணையும் அன்று. இது இன்ன பொருள், இஃது இன்னாருடையது என்று சொல்லும் வெறும் பெயர்ச்சீட்டுகள். ஆயினும் எளிய மக்கள் எழுதப் படிக்க அறிந்திருந்தனர் என்பதற்கு இவற்றினும் வலிய சான்று வேறில்லை. பானையின் மேல் எழுதுகிறவன் அதைப் படிக்கக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்தே எழுதுகிறான். படிப்பவர் இல்லாத இடத்தில் பெயர்ச்சீட்டுக்கு வேலையில்லை. இந்தச் சிறிய உண்மை, ஈப்போவில் ஒரு குடும்பத்தின் அடுக்களையில் அண்மையில் மிகத் தெளிவாக விளங்கிற்று.

அக்குடும்பம் ஈப்போ நகரின் புறத்தே ஒரு வரிசை வீட்டில் வாழ்கிறது. கணவன், மனைவி, பன்னிரண்டு வயது மகள், எழுபத்தெட்டு வயதான பாட்டி என நால்வர். பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் சீவியவர். தோட்டத்தில் ரப்பர் அழிந்து செம்பனை வந்தபோது லயத்து வீட்டைக் காலிசெய்து மகனோடு நகரத்துக்கு வந்தார். அவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்திருந்தது. அவ்விதியால் எழுந்த எத்தனையோ ஓரறைப் பள்ளிகளுள் ஒன்றே அவருக்கு எழுத்தறிவு தந்தது. அந்த அறிவு தமிழோடு நின்றுவிட்டது. மலாய் நன்றாகப் பேசுவார். உரோமன் எழுத்தைப் படிக்க இயலாது.

மருமகள் அலுவலகப் பணியில் இருப்பவர், ஒழுங்கை விரும்புபவர். ஒரு நாள் இணையக் கடையில் கையடக்கமான லேபிள் அச்சுப்பொறி ஒன்றை நூறு வெள்ளிக்கும் குறைவான விலையில் வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. உள்ளே பசையுள்ள தாள் சுருள். மின்கம்பி இல்லை, மைக்குப்பி இல்லை. கைப்பேசியில் எழுதி, பொத்தானை அழுத்தினால் சிறு ஒலியோடு சீட்டு வெளியே வருகிறது. இரண்டு மாலைகளில் அடுக்களை முழுவதும் புதுக்கோலம் பூண்டது. பழைய பால்மாவு டின்களும் பிஸ்கட் டப்பாக்களும் நீங்கின. ஒரே அளவான வெண்ணிற டப்பாக்கள் அணிவகுத்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சீட்டு. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், மல்லி யாவும் அங்கே இருந்தன; ஆனால் அவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்த செயல் அன்று அது. கைப்பேசியின் விசைப்பலகை ஆங்கிலத்தில் திறந்தது. விரல்கள் அவ்வழியே சென்றன. ஆனால் அதன் விளைவு மெல்ல மெல்ல வெளிப்பட்டது. நாற்பது ஆண்டுகளாகக் கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டிக் கடுகை எடுத்த பாட்டி, இப்போது டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. சீரகத்தையும் சோம்பையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பிரித்தறிய வேண்டியிருந்தது. முதலில் மருமகளைக் கேட்டார். பிறகு பேத்தியைக் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். தன் அடுக்களையிலேயே அவர் ஒரு விருந்தாளி ஆகிவிட்டார். சமையல் செய்வதை அவர் குறைத்துக்கொண்டதை வயதின் தளர்ச்சி என்றே வீட்டார் எண்ணினர்.

தமிழில் எழுதியிருக்கலாமே என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வெளிமை நமக்கு எளிதாக வந்ததன்று. 1958-இல் அமெரிக்காவில் தோன்றிய டைமோ நிறுவனத்தின் கருவியை மூத்த ஆசிரியர் பலர் நினைவுகூர்வர். எழுத்துச் சக்கரத்தைத் திருப்பி, கைப்பிடியை அழுத்தினால், வண்ணப் பிளாஸ்டிக் பட்டையில் எழுத்து வெண்ணிறமாகப் புடைத்து நிற்கும். அச்சக்கரத்தில் இருபத்தாறு எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் அமைந்திருந்தன. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை உடைய மொழிக்கு அதில் இடமேது? 1988-இல் ஜப்பானின் பிரதர் நிறுவனம் பி-டச் என்னும் மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய கருவிகளிலும் உள்ளே பதித்து வைத்த எழுத்தை மட்டுமே அச்சிட முடிந்தது. ஆதலால் பள்ளி அலுவலகங்களில் கோப்புகளும் அலமாரிகளும் உரோமன் எழுத்தில் பெயர் தாங்கின. தமிழ்ப் பெயர் வேண்டுமானால் தூரிகையோ பேனாவோ எடுக்க வேண்டியிருந்தது.

இவ்விடரைத் தட்டச்சில் முதலில் எதிர்கொண்டவருள் ஒருவர் நம் பேராக் மண்ணில் வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886-இல் பிறந்த ஆர். முத்தையா, 1907-இல் மலாயாவுக்கு வந்து தாப்பாவில் இரயில்வே பணியில் சேர்ந்தார். பின்னர் வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பல்லாண்டு பணியாற்றினார். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் வேகத்தை நாள்தோறும் கண்ட அவர், இதே வசதி தமிழுக்கு ஏன் இல்லை என்று எண்ணினார். அத்தனை எழுத்துகளையும் சில பத்து விசைகளுக்குள் அடக்க, தாள் நகராமலே குறியைப் பதிக்கும் நகரா விசையைப் பயன்படுத்தினார். புள்ளி போன்ற குறியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தையும் அடிக்கும் முறை அது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைப் போற்றுகிறோம்.

கணினிக் காலத்திலும் மலேசியத் தமிழரின் பங்கு சிறிதன்று. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1991-இல் வெளிவந்த யூனிகோடு குறியீட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2005-இல் செல்லினம் வழியாகக் கைப்பேசியிலும் தமிழ் எழுத வழி பிறந்தது. எனவே, இன்று ஒரு வீட்டுப்பெண் தன் கைப்பேசியில் 'வெந்தயம்' என்று எழுத முடிகிறதென்றால், அவ்வொரு சொல்லுக்குப் பின்னே நூறாண்டு உழைப்பு இருக்கிறது. வழி பிறந்த பின்பும் அதில் நடவாதிருப்பது நம் குறையே.

அக்குடும்பத்துக்கு அவ்வழியைக் காட்டியது ஒரு மருந்து. பாட்டி இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை உண்பவர். மருந்தகத்தார் தரும் உறைமேல் மலாயில் எழுதியிருப்பதை அவர் படித்ததில்லை. மாத்திரையின் வடிவத்தையும் நிறத்தையும் கொண்டே அறிந்து வந்தார். ஒரு மாதம் வேறு தயாரிப்பாளரின் மாத்திரை கிடைத்தது, வடிவம் மாறிற்று. மருமகளோ ஒழுங்கு கருதி, மாத்திரைகளை உறையிலிருந்து எடுத்து இரண்டு டப்பாக்களில் இட்டு, மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்டு ஒட்டியிருந்தார். எது காலைக்கு உரியது, எது இரவுக்கு உரியது என்று பாட்டிக்கு விளங்கவில்லை. மாற்றி உண்டால் தீங்கு என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஆதலால் மூன்று நாட்கள் எதையும் உண்ணாமலே இருந்துவிட்டார். நான்காம் நாள் தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வெளிப்பட்டது.

"ஏன் அத்தை என்னைக் கேட்கவில்லை?" என்று மருமகள் பதறினார்.

"நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறாய், அம்மா. எத்தனை தடவைதான் கேட்பது?" என்றார் பாட்டி.

அச்சொற்களில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே அவை மருமகளின் நெஞ்சில் தைத்தன. எழுதத் தெரிந்தவர், படிக்க வேண்டியவரை மறந்து எழுதினால் என்ன நேரும் என்பதை அன்று அவர் உணர்ந்தார்.

அன்று மாலையே மாத்திரைகள் தத்தம் உறைக்குத் திரும்பின. மருந்தை அதன் உறையிலேயே வைத்திருப்பதுதான் முறை. பெயரும் அளவும் காலாவதி நாளும் உறைமேல்தானே இருக்கின்றன? அவ்வுறையின் எழுத்தை மறைக்காமல், ஓரத்தில் புதிய சீட்டு ஒட்டப்பட்டது. 'காலை - 1 - சாப்பிட்ட பின்' என்று ஒன்று. 'இரவு - 1' என்று மற்றொன்று. பாட்டி அவற்றைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். மறுநாள் முதல் யாரையும் கேட்கவில்லை.

தமிழில் அச்சிட முனைவோர் அறிய வேண்டியவை சில உண்டு. பொறியிலேயே சிறு விசைப்பலகை உள்ள வகையில் பெரும்பாலும் தமிழ் இராது. கைப்பேசியோடு இணையும் வகையே நமக்கு ஏற்றது. ஏனெனில் அங்கே எழுத்தை அமைப்பது கைப்பேசி. பொறி அதை ஒரு படமாக ஏற்று அச்சிடுகிறது. வாங்குமுன் 'கொ', 'ஸ்ரீ', 'ஞூ' ஆகியவற்றை அச்சிட்டுப் பார்ப்பது நன்று. கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் சிதறினால் அச்செயலி தமிழை அறியவில்லை என்பது பொருள். வேறு செயலியில் எழுதிப் படமாக்கி அனுப்பலாம். தமிழ்ச் சொல் நீளமானது. எழுத்துகள் மேலும் கீழும் இடம் கேட்பவை. 'வெள்ளைப்பூண்டு' என்பதைக் குறுகிய பட்டையில் அடைத்தால் முதியவர் கண்ணுக்குத் தெரியாது. அகலமான சீட்டே வேண்டும்.

இப்பொறிகளுள் மலிவானவை வெப்பத்தால் அச்சிடுபவை. தாளின் மேற்பூச்சு சூடு பட்டால் கறுக்கும் தன்மையுடையது. அச்சுத் தலையில் மில்லிமீட்டருக்கு எட்டு என்னும் அளவில் நுண்ணிய சூட்டுப் புள்ளிகள் உள்ளன. அவை சுட்ட இடமே எழுத்தாகிறது. மை தேவையில்லை என்பது இதன் சிறப்பு. குறையும் அதனுள்ளேயே இருக்கிறது: அடுப்பருகே வைத்தால் சீட்டு முழுதும் கறுக்கும், வெயிலும் எண்ணெயும் பட்டால் எழுத்து மங்கும். அடுக்களைக்கு எண்ணெயும் நீரும் எளிதில் ஊறாத மேலுறை கொண்ட தாளே ஏற்றது. நெடுநாள் நிலைக்க வேண்டிய சீட்டுக்கு, மைப்பட்டையைச் சூட்டால் பதிக்கும் வகையே தக்கது. அதன் விலையும் சற்று மிகுதி.

மருந்துக்குப் பின் மளிகையின் முறை வந்தது. பேத்தி தேசியப் பள்ளியில் பயில்கிறாள். தமிழ் பேசுவாள், எழுதத் தடுமாறுவாள். கைப்பேசி அவள் கையில் இருந்ததால் எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்தது. முதல் சீட்டு 'மிழகாய்' என்று வந்தது. பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"கண்ணு, இது மிளகாய் இல்லையே. 'ள' போடு. மிளகுக்கும் அதே 'ள' தான்."

சிறுமி திருத்தி அச்சிட்டாள். 'சீறகம்' சீரகம் ஆயிற்று. 'வெல்லம்' எது, 'வெள்ளம்' எது என்பதில் சிரிப்பு எழுந்தது. வெல்லத்தை 'வெள்ளம்' என்று எழுதினால் டப்பாவைத் திறந்ததும் வீடு மூழ்கிவிடும் என்று பாட்டி சொன்னார். நான்காம் வகுப்போடு நின்றுபோன ஒரு படிப்பு, அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியப் பணி ஏற்றது. எழுத்துப் பயிற்சி ஏடுகள் பல செய்ய இயலாததை ஒரு சீட்டு செய்கிறது. பிழையோடு ஒட்டினால் நாள்தோறும் கண்ணில் படுமே என்னும் கூச்சம் பிள்ளையைத் திருத்துகிறது.

சில நாட்களுக்குப் பின் பாட்டியே தம் அலமாரியைத் திறந்தார். துணியில் சுற்றிய சில பொருள்கள் அங்கே இருந்தன. முனை வளைந்த கத்தி ஒன்று, மண்ணிற மெருகு பூசிய சிறு கிண்ணம் ஒன்று, வெளிப்புறத்தில் சிவப்புச் சாயத்தால் எண் எழுதிய தகர வாளி ஒன்று. பேத்திக்கு அவற்றின் பயனும் தெரியாது; பெயரும் தெரியாது. மூன்று மொழிகளில் தேர்வு எழுதும் அச்சிறுமி, தன் குலத்துக்குச் சோறிட்ட கருவிகளின் பெயரை எம்மொழியிலும் அறியாள்.

"இது உளி. இதனால்தான் மரம் சீவுவது. இது மங்கு, பால் வந்து விழுகிற கிண்ணம். விடியுமுன் பெரட்டு; கிராணி பேர் கூப்பிடுவார். பிறகு நிரைக்குப் போய்விடுவோம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். கட்டிப்போனது ஒட்டுப்பால். எல்லாவற்றையும் வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்போம்."

"வாளியில் ஏன் எண், பாட்டி?"

"எல்லார் வாளியும் ஒன்றுபோல இருக்குமே? எண்ணைப் பார்த்துத்தான் யாருடையது என்று தெரியும்."

"உங்கள் பேர் எழுதவில்லையா?"

"பேரை யார் எழுதினார்கள், கண்ணு?"

சிறுமி சற்றுநேரம் பேசாதிருந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள். உளிக்கு ஒரு சீட்டு, மங்குக்கு ஒரு சீட்டு அச்சிட்டாள். வாளிக்கு உரிய சீட்டில் பாட்டியின் முழுப் பெயரையும் எழுதி, பிழையில்லையே என்று அவரிடமே காட்டிக் கேட்டு, அந்தச் சிவப்பு எண்ணுக்குக் கீழே ஒட்டினாள். எண்ணை அவள் மறைக்கவில்லை. அதுவும் ஒரு வரலாறு அல்லவா?

பேராக் மாநிலத்தில் இத்தகைய அலமாரிகள் எத்தனை இருக்கும்! தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போயின. மக்கள் நகரங்களில் கலந்தனர். கருவிகள் சில எஞ்சின; அவற்றின் பெயர்களோ அவற்றைக் கையாண்டவர்களின் நாவில் மட்டும் எஞ்சியுள்ளன. அந்நாவுகள் ஓய்வதற்குள் அப்பெயர்களை எழுதி வைப்பது பல்கலைக்கழகங்களின் கடமை மட்டுமன்று. பாட்டி உள்ள வீடுகள் யாவும் அதைச் செய்யலாம். தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இதை ஒரு பணியாகவே தரலாம்: வீட்டிலுள்ள பழம்பொருள் ஐந்தினைக் கண்டறிந்து, முதியோரைக் கேட்டு, பெயரைப் பிழையின்றி எழுதி ஒட்டி வருக என்று. அச்சுப்பொறி இல்லாத வீட்டில் வெள்ளைத் தாளும் பசையும் போதும். கையெழுத்துச் சீட்டு ஒருபடி உயர்ந்ததே.

வாணிகம் செய்வோர்க்கும் இதில் இடமுண்டு. ஈப்போவின் புந்தோங் பகுதி கச்சாங் பூத்தேவுக்குப் பெயர்பெற்றது. முறுக்கும் கடலையும் பொட்டலமாகி ஊரெங்கும் செல்கின்றன. உள்நாட்டில் தயாரித்த உணவின் சீட்டு மலாயில் இருத்தல் வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளின் விதி. அதனோடு பிறமொழி மொழிபெயர்ப்பையும் சேர்க்கலாம் என்று அவ்விதியே இடம் தருகிறது. தந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, நமக்கு இடமில்லை என்று மேடையில் வருந்துவதில் பயனென்ன?

வீட்டு மொழி விழாக்களால் மட்டும் வாழ்வதில்லை. உப்பு எடுக்கும்போதும் மருந்து உண்ணும்போதும் கண்ணில் படும் மொழியே குழந்தையின் மனத்தில் வேரூன்றும். ஆங்கிலச் சீட்டும் மலாய்ச் சீட்டும் வேண்டா என்பதன்று கருத்து; அவற்றைப் படிப்போரும் வீட்டில் உண்டு. ஒரே சீட்டில் இரண்டு மொழிகள் இருக்கப் பொறி தடை சொல்வதில்லை. ஆயினும் ஒட்டுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இவ்வீட்டில் இதைப் படிக்க இயலாதவர் யார்? அவர் பாட்டியாயின் தமிழும் இருக்கட்டும். அவர் பேத்தியாயின் தமிழ் கட்டாயம் இருக்கட்டும், படித்துப் பழகட்டும்.